நள்ளிரவு மருந்தும் அரசின் பொறுப்பும்

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலும் அதை அடுத்த நீலசந்திராவிலும் தமிழ் உழைப்பாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இரவு பதினொரு மணியைக் கடந்தால் அப்பகுதியின் சிறிய மருந்துக்கடைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகின்றன. அதன்பின் ஒரு முதியவரின் இன்ஹேலர் தீர்ந்துபோனால், மருத்துவர் எழுதித் தந்த சீட்டு கையில் இருந்தும் பயனில்லை. ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு இரவுக் கட்டணம் கொடுத்துத் தனியார் மருத்துவமனை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்; இல்லையேல் கைப்பேசிச் செயலியில் தேட வேண்டும். இரண்டுமே பணம் படைத்தோருக்கான வழிகள்.

இதற்குச் சிறு கடைக்காரரைக் குறை கூறுவது நியாயமன்று. மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம். மக்களின் பாதுகாப்புக்கு அவசியமான விதி அது. ஆனால் இரவில் வரும் நான்கைந்து பேருக்காக இன்னொரு மருந்தாளுநருக்கு ஊதியம் தரச் சிறு கடையின் வருமானம் இடம் தராது. இலாபக் கணக்கில் நட்டமாகத் தெரிவது, நோயாளிக்கு உயிர்ப் பிரச்சனை. சந்தை கைவிடும் இந்த இடத்தில்தான் அரசின் கடமை தொடங்குகிறது.

அரசுகளோ வேறு திசையில் செல்கின்றன. இணையவழி மருந்து விற்பனைக்கான வரைவு விதிகளை ஒன்றிய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. இறுதி விதிகள் வராமலேயே வணிகம் வளர்ந்துவிட்டது. நள்ளிரவில் மருந்துப் பையுடன் விரையும் இளைஞரை 'பங்குதாரர்' என்று அழைத்து, தொழிலாளி என்ற தகுதியையே நிறுவனங்கள் மறுக்கின்றன. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என 2021 ஜனவரியில் கர்நாடக அரசு ஆணையிட்டது. பெருநிறுவனங்களுக்குப் பொருந்தும் அச்சலுகையால் தெருமுனை மருந்துக்கடைக்குப் பயனில்லை. 2025இல் கடை ஊழியரின் அன்றாட வேலைநேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்தும் முன்மொழிவும் வந்தது. தொழிற்சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. இரவு மருந்தகம் என்ற கோரிக்கை ஊழியரின் உழைப்பை மேலும் சுரண்டுவதற்கான சாக்காகிவிடக் கூடாது.

மாற்று வழி உண்டு. முதலாளித்துவ நாடான ஜெர்மனியிலேயே மருந்துக்கடைகள் முறைவைத்து இரவுப் பணி ஆற்றுகின்றன. அன்றிரவு திறந்திருக்கும் கடை எது என்பதை மூடிய கடையின் கதவில் உள்ள அறிவிப்பே தெரிவித்துவிடும். ஒரு பகுதியில் பத்துக் கடைகள் இருந்தால், ஒரு கடைக்குப் பத்து நாளுக்கு ஓர் இரவே முறை வரும். இந்தியாவிலும் பொதுத்துறை அனுபவம் இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குவதில் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வார்டுதோறும் முறைவைத்து ஓர் இரவு மருந்தகம் இயங்க வேண்டும். அதன் கூடுதல் செலவை அரசு ஏற்க வேண்டும். நம்ம கிளினிக்குகளில் சுழற்சி முறையில் ஒன்றேனும் இரவில் இயங்கி இலவச மருந்து வழங்க வேண்டும். இரவுப் பணிக்கு எட்டு மணி நேர வரம்பும் கூடுதல் ஊதியமும் பாதுகாப்பும் உறுதி செய்யப்பட வேண்டும்.

பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லாத வார்டில் மக்களே கேட்டாக வேண்டும். ஆஸ்டின் டவுனில் இரவில் எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன என்று வீதிவீதியாகக் கணக்கெடுத்து, கையெழுத்து இயக்கம் நடத்தி, அதிகாரிகளின் மேசைக்குக் கொண்டு செல்வது கிளைகளின் உடனடிக் கடமையாகும்.