செராமிக் லேசர்: வாயுக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் ஒளியைச் சின்னப் பெட்டிக்குள் அடக்க முடியுமா?

2015 அக்டோபர் 23. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அலிசோ கேன்யனில், நிலத்தடி எரிவாயுக் கிடங்கின் கிணறு ஒன்றில் கசிவு தெரியவந்தது. அதை அடைக்க 2016 பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் காற்றில் கலந்த மீத்தேன் மட்டும் கிட்டத்தட்ட 97,000 டன். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. இத்தனைக்கும் பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நாற்றம் மட்டும்தான். அகச்சிவப்பு கேமராவில் எடுத்த வீடியோ வெளியான பிறகுதான், மலையிலிருந்து கரும்புகை போல வாயு கொட்டுவதை மக்கள் பார்த்தார்கள்.

அந்த கேமராவுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை? மீத்தேன் சுமார் 3.3 மைக்ரான் அலைநீள ஒளியை நன்றாக உறிஞ்சும். கார்பன் டை ஆக்சைடுக்கு 4.26, கார்பன் மோனாக்சைடுக்கு 4.6 பக்கம். இப்படி பல வாயுக்களின் 'கைரேகை' பதிந்திருக்கும் பகுதிதான் மிட்-இன்ஃப்ராரெட், அதாவது நடு அகச்சிவப்பு. அங்கே அலைநீளத்தை ரேடியோ ட்யூன் பண்ணுவது போல மாற்றக்கூடிய லேசர் கையில் இருந்தால், எந்த வாயு, எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

சரி, செய்துவிட வேண்டியதுதானே? சிக்கலே அங்குதான்.

வழக்கமான லேசர் படிகங்கள் ஆக்சைடு வகை. அவற்றின் அணுக்கள் வேகமாக அதிரும். மிட்-இன்ஃப்ராரெட் ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றலை அந்த அதிர்வே வெப்பமாக விழுங்கிவிடும். அதனால் வேறு லேசர் ஒன்றின் ஒளியை எடுத்து, சிறப்புப் படிகங்களுக்குள் செலுத்தி, அலைநீளத்தை மாற்றும் சுற்றுவழியைத்தான் ஆய்வகங்கள் நம்பியிருந்தன. வேலை நடக்கும். ஆனால் மேஜை நிறைய கண்ணாடிகள், சின்ன ஆட்டத்துக்கே குலைந்துபோகும் அமைப்பு.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் வேறு வழியைக் காட்டியது. ஜிங்க் செலினைடு, ஜிங்க் சல்ஃபைடு போன்ற பொருட்களில் அணுக்கள் கனமானவை, அதிர்வு மெதுவானது. அதற்குள் கொஞ்சம் குரோமியம் கலந்தால் சுமார் 1.9 முதல் 3.3 மைக்ரான் வரை ஒரே லேசரில் நகர முடிந்தது. இரும்பு கலந்தால் 4 முதல் 5 மைக்ரான் பக்கம்.

ஜிங்க் செலினைடு ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. அக்ரிலிக் வெட்டும் சிஓ2 லேசர் மெஷினில் இருக்கும் மஞ்சள் லென்ஸ் பெரும்பாலும் அதுதான்.

செராமிக் எதற்கு?

ஒற்றைப் படிகம் வளர்ப்பது பொறுமையைச் சோதிக்கிற, செலவு பிடிக்கிற வேலை. செராமிக் என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்கள் ஒட்டிய கட்டி. நடுவில் காற்றுத் துளைகள் இல்லாமல் செய்தால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். 1995-ல் ஜப்பானின் அகியோ இகேசுவே, செராமிக் நியோடிமியம்-யாக் லேசர் ஒற்றைப் படிகத்துக்கு ஈடாக இயங்கும் என்று காட்டியபோது, 'செராமிக்கில் லேசரா' என்ற சந்தேகம் அடங்கியது.

ஜிங்க் செலினைடில் முறை இன்னும் எளிது. ஆவியிலிருந்து படிய வைத்த பலபடிகத் தகட்டின் மேல் குரோமியத்தைப் பூசி, குவார்ட்ஸ் குழாயில் வைத்து மூடி, 900–1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நாள்கணக்கில் விடுவார்கள். மாங்காய்க்குள் உப்பு இறங்குவது மாதிரி குரோமியம் உள்ளே ஊறும். தள்ளிவிட, தொலைத்தொடர்பிலும் தொழிற்சாலையிலும் ஏற்கெனவே பழகிய ஃபைபர் லேசரே போதும். மொத்த அமைப்பும் சுருங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் (பர்மிங்காம்) செர்ஜி மிரோவ் குழு இதைப் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தது. சூடானால் ஜிங்க் செலினைடின் ஒளிவிலகல் சட்டென மாறி, கற்றை கலைந்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு ரசிக்கத்தக்கது: பொருளை வளையமாகச் செய்து, சுழல விட்டுவிட்டார்கள்! சூடு ஒரே இடத்தில் தங்காது. 2016-ல் இப்படி 2.5 மைக்ரானில் 140 வாட் வரை எட்டினார்கள்.

தடுக்கும் இடங்கள்

மீத்தேனின் வலுவான 3.3 மைக்ரான், குரோமியத்தின் எல்லையிலேயே இருக்கிறது. வலு குறைந்த 2.3 மைக்ரான் பட்டைதான் வசதியாகக் கிடைக்கும். இரும்பின் கதை இன்னும் சிரமம். அறை வெப்பநிலையில் அதன் ஆற்றல் ஒரு மைக்ரோ விநாடிக்குள்ளேயே வெப்பமாகக் கரைகிறது. 2012-ல் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 4.14 மைக்ரானில் தொடர் லேசர் எடுத்தபோது திரவ நைட்ரஜன் குளிர்ச்சி தேவைப்பட்டது. நைட்ரஜன் குடுவையோடு வருவதைக் கைப்பெட்டி என்று சொல்ல முடியாது.

விமானப்படைக்கு இதில் என்ன வேலை? வெப்பத்தைத் துரத்தும் ஏவுகணைகள் விமானத்தைத் தேடுவதும் இதே 3–5 மைக்ரான் பகுதியில்தான். அந்த 'கண்ணை' லேசரால் குழப்பலாம். கசிவு பிடிக்கும் கருவியும் போர்க்கருவியும் ஒரே தகட்டிலிருந்து வருவதால், இந்த ஆய்வுக்குப் பணம் கிடைப்பதும் அதனால்தான், விற்பனைக்குக் கட்டுப்பாடு வருவதும் அதனால்தான்.

போட்டியும் சும்மா இல்லை. 1994-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் கேஸ்கேட் லேசர் ஒரு சிப்தான். ஒரே ஒரு வாயுவை மட்டும் தேட வேண்டும் என்றால் இன்றைக்கு அதுவே லாபம். ஆனால் ஒரு சிப் நகரும் தூரம் குறைவு. பல வாயுக்களை ஒரே கருவியில் பார்க்கவும், தொலைவுக்கு அனுப்ப வாட் கணக்கில் சக்தி வேண்டும் என்றாலும், செராமிக் பக்கம்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.