கொட்டடியின் சன்னல் எதைப் பார்க்கிறது?

அந்தமான் செல்லுலார் சிறைக்கு வரைபடம் போட்டவர்கள் கைதியின் மனத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து பிரியும் ஏழு சிறகுகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். எதிரே இன்னொரு கைதியின் முகம் தெரிய வழியே இல்லை. பேச்சுத் துணையைப் பறிக்கும் வேலையைச் சுவரே பார்த்துக்கொண்டது. சுற்றிலும் கடல் இருந்தும், கொட்டடிக்குள் இருந்தவனுக்கு வாய்த்தது எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத்துவாரம்.

ஆளை ஒடுக்கத் தெரிந்த கட்டடத்துக்கு ஆற்றவும் தெரியுமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சிறையொன்றை ஆராய்ந்த எர்னஸ்ட் மூர் 1981இல் வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. அங்கே சில கொட்டடிகள் வெளியே உள்ள விளைநிலங்களைப் பார்த்தபடி இருந்தன. மற்றவை உள்முற்றத்தைப் பார்த்தன. சிறை ஒன்றுதான், நிர்வாகமும் ஒன்றுதான். ஆனால் வயலைப் பார்த்தவர்கள் மருத்துவ உதவி கேட்டது 24 சதவீதம் குறைவு.

ஓரிகன் மாநிலத்தின் ஸ்நேக் ரிவர் சிறையில் 2013 முதல் தனிமைச் சிறைவாசிகளுக்குக் காடு, கடல் காட்சிகளைத் திரையில் காட்டினார்கள். பார்த்தவர்களிடம் வன்முறை 26 சதவீதம் குறைந்திருந்தது. சன்னல் காட்டியிருக்க வேண்டியதைத் திரையில் காட்டுவது என்ன விந்தையோ!

நார்வேயின் ஹால்டன் சிறை 2010இல் திறக்கப்பட்டபோது, இது சிறையா ஓட்டலா என்று பலர் கேட்டார்கள். சன்னலில் கம்பியில்லை, வளாகத்துக்குள் மரங்கள். ஆனால் சுற்றுச்சுவர் ஆறு மீட்டர் உயரம். சுவரை யாரும் கைவிட்டுவிடவில்லை. அந்நாட்டில் விடுதலையானவர்கள் மீண்டும் குற்றம் செய்வது குறைவு என்பதைக் கட்டடத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. பயிற்சி, படிப்பு, காவலர்கள் பழகும் விதம் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

இந்தியாவில் கதை வேறு. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 100 பேருக்கான இடத்தில் 131 பேர். நால்வரில் மூவர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். கால் நீட்ட இடமில்லாதவனிடம் சன்னலைப் பற்றிப் பேசுவது கேலிபோலத் தோன்றும். ஜாமீன் விரைவாகக் கிடைத்து நெரிசல் குறைவதே முதல் தேவை.

அதற்காக வரைபடத்தைத் தள்ளிப்போட முடியாது. இன்று கட்டும் சிறை இன்னும் நூறாண்டு நிற்கும். கைதியாவது தண்டனை முடிந்தால் வெளியேறுவான். வார்டரோ பணி ஓய்வு வரை அதே சுவர்களுக்குள் இருப்பார். புதிய சிறைக்கு இடம் அளக்கும்போதே அங்குள்ள மரங்களையும் குறித்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தபடி கொட்டடிகளைத் திருப்பிக் கட்டப் பொதுப்பணித் துறைக்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.