பகைவர் மொழி பயின்ற தளபதி

விண்வெளி வீரர் என்றதும் நிலவில் கால் பதித்தவரையே நம் மாணவர் நினைக்கின்றனர். நாம் இங்கு எழுதப் புகுவதோ, நிலவுத் தரைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரை நெருங்கியும் தரை தொடாமல் திரும்பிய ஒருவரைப் பற்றி. 1969 மே மாதம் அப்பல்லோ 10 பயணத்திற்குத் தலைமை ஏற்ற அமெரிக்கர் தாமஸ் ஸ்டாஃபோர்டே அவர். அஃது ஓர் ஒத்திகைப் பயணம். இரு திங்களுக்குப் பின் புகழ் வேறொருவரைச் சேர்ந்தது.

எனினும் அவர் பெருமை நிலவில் இல்லை, நாவில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

1930இல் ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்த அவர், விமானப்படையில் சேர்ந்து மேற்கு ஜெர்மனியில் போர் விமானியாகப் பணிபுரிந்தார். அந்நாளில் அங்கிருந்த அமெரிக்க விமானிக்குப் பகைவர் யார் என நாம் விளக்க வேண்டுவதில்லை. அந்தச் சோவியத் நாட்டாருடன் விண்வெளியில் கலங்களை இணைக்கும் பொறுப்பே பின்னர் அவரிடம் வந்தது. நாற்பதைக் கடந்த பின்பு, பிரிகேடியர் ஜெனரல் பதவியோடு, ருஷ்ய மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்றார்.

எவர் எம்மொழியில் பேசுவது? கேட்பவர் மொழியிலேயே பேசுவது என இரு தரப்பினரும் கண்டறிந்தனர். ஸ்டாஃபோர்டு ருஷ்யத்தில் பேசினார். சோவியத் கலத் தலைவர் அலெக்சி லியோனவ் ஆங்கிலத்தில் பேசினார். அயல்மொழியில் பேசுபவன் நிதானமாகப் பேசுகிறான். எளிய சொல்லையே தேடுகிறான். ஊர் வாடை வீசிய அந்த ருஷ்யத்திற்கு 'ஒக்லஹோம்ஸ்கி' எனப் பெயரிட்டு லியோனவ் நகைத்தாராம். அதற்காக அத்தளபதி வாய் மூடிவிடவில்லை. பிழைக்கு அஞ்சி வகுப்பில் ஊமையாகும் நம் பிள்ளைகள் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும்.

1975 ஜூலை 17இல் கலங்கள் இணைந்தன. இணைப்புப் பொறியிலும் உயர்வு தாழ்வு இல்லை. எக்கலமும் முன்வந்து பற்றலாம், எக்கலமும் ஏற்கலாம் என்றே அமைத்திருந்தனர்.

பின்னர் அவர் எட்வர்ட்ஸ் தளத்தின் விமானச் சோதனை மையத் தளபதியானார். லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தார். ரேடாருக்கு எளிதில் புலப்படாத போர் விமானங்கள் உருவாகத் துணைநின்று, 1979இல் ஓய்வுபெற்றார். அவ்விமானங்கள் ஏமாற்ற வேண்டியிருந்தது சோவியத் ரேடாரைத்தான். அவ்வாறாயின் அக்கைகுலுக்கல் வெறும் வேடமா? இவ்வினாவை ஒதுக்கிவிடுவது நேர்மையன்று. ஆனால் பதவிகள் முடிந்த பின்னும் அந்நட்பு முடியவில்லை என்பதை நாம் காண்கிறோம். முதுமையில் அவர் ருஷ்யச் சிறுவர் இருவரைத் தத்தெடுத்தார். அதற்கு உதவியவர் லியோனவ். 2019 அக்டோபரில் லியோனவ் மறைந்தபோது, தம் 89ஆம் வயதில் ருஷ்யா சென்று நண்பருக்கு இரங்கலுரை ஆற்றினார். 2024 மார்ச்சில் அவரும் மறைந்தார்.