எங்கள் காதுக்கு ஏறாது என்று யார் சொன்னது?

ஜாஸ்-ராக் என்றால் சென்னை, பெங்களூரு மேல்தட்டுக்காரர்களின் இசை. ஊர்ப்புறத்துக் காதுக்கு ஏறாது. கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது. திருவிழாக் கமிட்டிக்காரர் சொல்கிறார், ஆண்டு விழா நடத்தும் ஆசிரியர் சொல்கிறார், கிடார் கேட்கும் பிள்ளையிடம் அப்பாவும் சொல்கிறார். தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. நம் மக்களின் கேள்வி ஞானத்தின் மேல் சுமத்தப்படும் பழி இது.

முதலில் அந்த மேல்தட்டுக் கதையைப் பார்ப்போம். ஜாஸ் பிறந்தது நியூ ஆர்லியன்ஸில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களிடம். அங்கே சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியங்களும் மத்தளமும் முழங்கின; அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே வாத்தியங்கள் ஆட்டத்துக்கு மாறின. ராக் இசையின் தாய் வேரான புளூஸ், மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக் கூலிகளின் பாட்டு. சாவுக்குப் பறை கொட்டி ஆடி அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு, இது நமக்கு அந்நியம் என்று எந்த வாயால் சொல்கிறோம்?

அடுத்த வாதம், தாளம் புரியாது என்பது. 1971இல் நியூயார்க்கில் ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜான் மெக்லாலின் தொடங்கிய ஜாஸ்-ராக் குழு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. டிரம்ஸில் பில்லி காபம், வயலினில் ஜெரி குட்மன், கீபோர்டில் யான் ஹாமர், பேஸ் கிடாரில் ரிக் லேர்ட். ராக் உலகம் நான்கு எண்ணிக்கையிலேயே நடந்துகொண்டிருந்தபோது, 'தி டான்ஸ் ஆஃப் மாயா'வைப் பத்து எண்ணிக்கையில் தொடங்கினார்கள். 1973இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இசைத்தட்டின் தலைப்புப் பாடல் பதினெட்டில் ஓடுகிறது. மேல்நாட்டு ரசிகர்கள் காலால் தாளம் போட முடியாமல் திணறினார்கள். ஆனாலும் அந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது.

நம் ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது தவில்காரர் அருகே நின்று பாருங்கள். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. 'தகிட தகதிமி' என்று ஏழில் போகிறார், 'தகதகிட' என்று ஐந்துக்கு இறங்குகிறார், கணக்கு வைத்து மூன்று முறை தீர்மானம் அடித்துச் சமத்தில் வந்து விழுகிறார். அந்த நொடியில் சுற்றி நிற்கும் விவசாயியின் தலை சரியாக அசைகிறது. அவருக்கு எவரும் மிஸ்ரம், கண்டம் என்று பாடம் எடுக்கவில்லை. ஏழும் ஐந்தும் விளங்கிய காதுக்குப் பதினெட்டு விளங்காது என்பவர்கள் அந்தக் கூட்டத்தை ஒரு நாளும் கவனித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாள அறிவைத் தேடி மெக்லாலின் நம்மிடம்தான் வந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவை அமைத்தார். அதன் தொடக்கத்தில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் இருந்தது. 1975இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியே 1976இல் முதல் இசைத்தட்டாக வந்தது. மண்பானையில் விழுந்த அடிக்கு மேல்நாட்டு ரசிகர்கள் கைதட்டினார்கள். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து மெக்லாலின், வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலுக்குப் பாடமே வெளியிட்டிருக்கிறார். 2024இல் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' கிராமி விருது பெற்றது. ஆக, அந்த இசையின் முதுகெலும்பில் பாதி நம்முடையது.

கிடாரின் இரைச்சல் முதலில் மிரட்டும் என்பது உண்மைதான். நாலு தடவை கேட்டால் பழகிவிடும்; நாதஸ்வரத்தின் உரத்த ஒலியும் பழகித்தான் இனித்தது. மலைவாழ் மக்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' ராக் குழு நர்மதைக் கரை மக்களின் பாட்டை எடுத்து, ஜாஸ் சாயலோடு 'மா ரேவா' என்று 2000இல் தந்தது. நர்மதைக் கரைப் பாட்டுக்கு இடம் கொடுத்த இசை நம் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரின் பாட்டுக்கும் கொட்டுக்கும் இடம் கொடுக்காதா? வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உள்ள பிள்ளைகளுக்குச் சினிமாப் பாட்டு ஒன்றே போதும் என்று தீர்மானிக்க நாம் யார்?

கேட்கக் கொடுக்காமலேயே புரியாது என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். மலையில் கோடை விழா எடுப்பவர்களே, பள்ளி ஆண்டு விழா நடத்தும் ஆசிரியர்களே, உங்கள் மேடையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தவிலையும் டிரம்ஸையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். இந்த இசை புரிகிறதா இல்லையா என்பதை எங்கள் மக்களே கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.