ஏட்டில் ஏறாத செலவு

ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் பூதிகோட்டையிலிருந்து சிறிது தூரம் சென்றால், கோலார் தங்கவயலில், பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கல்மாவு குன்று குன்றாக நிற்பதைக் காணலாம். ஊரார் ‘சயனைடு மலை’ என்னும் அந்த மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் கிளம்பும் புழுதி, கொடியில் உலரும் வேட்டியிலும் மூடாத குடத்துத் தண்ணீரிலும் படிகிறது. இந்தப் புழுதியை எந்தக் கம்பெனி தன் செலவில் எழுதியது?

1991-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய நம் சர்க்கார் 20 டன் தங்கத்தை விற்று, ஏறக்குறைய 47 டன்னை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்துத் தேசத்தின் மானத்தைக் காத்தது. அதே ஆண்டில், நொடித்த பொதுத்துறை ஸ்தாபனங்களையும் நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் நிறுத்தும்படி சட்டம் திருத்தப்பட, மறு ஆண்டே அங்கே போய் நின்றது, தங்கம் வெட்டிக் கொடுத்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம்! 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. நஷ்டக் கணக்கு பொய்யன்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தால் செலவு ஏறத்தான் செய்யும். ஆனால் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் லாபம் லண்டனுக்குப் போன காலத்தில், வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த தமிழரின் நுரையீரலில் படிந்த தூசியையும் செலவில் சேர்த்திருந்தால், அந்த லாபத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

2008-இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின், இப்படிக் கணக்கெழுதக் கற்பிக்கும் நிர்வாக சாஸ்திரிகளுக்குத் தர்மசிந்தனை திடீரென்று பெருகியது. ஹார்வர்டின் நிர்வாக மாணவர்கள் 2009-இல், நேர்மையாக நிர்வகிப்போம் என்று பிரமாணமே எடுத்துக்கொண்டார்கள். (சத்தியம் என்று பெயர் வைத்த கம்பெனியின் பொய்க்கணக்கு இங்கே அம்பலமானதும் அந்த ஆண்டில்தான்.) மனிதனைச் சுயநலப் பிண்டமாகவே பாவிக்கும் கோட்பாடுகளைக் கற்பித்தால் மாணவன் அப்படியே ஆவான் என்று, கல்கத்தாவில் பிறந்த நிர்வாகவியல் அறிஞர் சுமந்திர கோஷால் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பின், 2005-இலேயே வெளிவந்துவிட்டது. பாடத்திட்டத்தின் வாலில் தர்மத்தை ஒரு தாளாக ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கேட்டில் எந்தெந்தப் பத்திகள் இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்திலேயே தர்மமும் அதர்மமும் முடிவாகிவிடுகின்றன; ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடமும் அதுதான்.

நிர்வாகம் கற்பிக்கும் பெரிய கழகமொன்று 1973 முதல் பெங்களூரிலேயே இருக்கிறது. தங்கவயலின் லைன் வீடுகளில் பிறந்தவர்கள் விடியுமுன் ரயிலேறி அந்நகரத்துக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஒருநாள் எதிர்த்திசையில் வரலாம். தங்கவயலிலுள்ள மாரிக்குப்பத்துக்கு நேர் ரயில் உண்டு.