நம்ம லோனுக்கு இஎம்ஐ இருக்கு, நூலகப் பாக்கிக்கு?

ஃபைனல் இயர் ஹாஸ்டலில் பிளேஸ்மென்ட்டுக்கு அடுத்து அதிகம் பேசுறது எஜுகேஷன் லோன் பற்றித்தான். படிப்பு முடிந்து கொஞ்ச நாள் அவகாசம், அப்புறம் மாசாமாசம் இஎம்ஐ. ஒரு தவணை தவறினால் பேங்கில் இருந்து போன் வந்துடும், அப்பாவுக்கும் சேர்த்து.

ஆனால் வருஷக்கணக்கில் பாக்கி வைத்தும் போனே வராத சிலர் இருக்காங்க.

உங்க வீட்டில் சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறீங்க. ரூபாய்க்கு 10 பைசா. சொத்து வரி 3,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 300. இது புதுசு இல்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்திலேயே நூலக வரி இருக்கு. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கு.

வரியை வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும். செலவு செய்ய வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. பணம் கை மாறும் இந்த இடத்தில்தான் சிக்கல். பல உள்ளாட்சிகள் நூலக வரியைப் பாக்கி வைத்திருப்பது செய்திகளில் திரும்பத் திரும்ப வருது.

‘அவங்களுக்கும் பணக் கஷ்டம்’ என்பீங்க. உண்மைதான். சம்பளம், குப்பை, சாக்கடை என்று ஆயிரம் செலவு. ஆனால் இது அவங்க பணமே இல்லையே! டூருக்கு வசூலித்த காசை கிளாஸ் ரெப் தன் மெஸ் பில்லுக்குக் கட்டிவிட்டு வந்தால் சும்மா விடுவோமா?

எங்க ஊர் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு அக்கா, பழைய பொது அறிவுப் புத்தகத்தில் அமைச்சர்களின் பெயர்களைப் பேனாவால் அடித்துத் திருத்திப் படிக்கிறார். புதுசு வாங்க நிதி இல்லையாம். அவர் வீட்டிலும் நூலக வரி கட்டுறாங்க.

அரசு செய்ய வேண்டியது சிம்பிள். ஒவ்வொரு உள்ளாட்சியின் பாக்கியையும் கணக்கிட்டு, தவணையும் கடைசித் தேதியும் வைத்து ஆணை போடணும். அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடணும். தவணை தவறினால் அந்த உள்ளாட்சிக்குத் தரும் மானியத்தில் பிடித்து நேராக நூலகத்துக்குக் கொடுக்கணும். தள்ளுபடி மட்டும் கூடாது. 2022-இல் சொத்து வரி உயர்ந்தபோது நூலக வரியும் கூடவே உயர்ந்ததே!

நம்ம பங்குக்கு 10 ரூபாய் கட்டி ஒரு ஆர்டிஐ போடலாம். ரெண்டே கேள்வி: எவ்வளவு வசூலிச்சீங்க? நூலகத்துக்கு எவ்வளவு கொடுத்தீங்க? 30 நாளில் பதில் சொல்லியாகணும். பேங்க் நமக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி, நாம அவங்களைக் கேட்டுடுவோம்.