வாசிப்புக் கருவியும் வாசகனின் உரிமையும்

மின்வாசிப்பான் ஒலுவில் வரைக்கும் வந்துவிட்டது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர் சிலரின் கைகளிலும் அதனைக் காண்கிறோம். தாளின் மணத்தை நினைத்துக் கண்ணீர் வடிக்கும் பண்டிதர் கூட்டத்தோடு நமக்கு உடன்பாடில்லை. 2022 மார்ச்சில், தாளில்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. தாளைக் காதலிப்பதற்கும் கையில் காசு வேண்டும்.

நமது வழக்கு வேறு. பெட்டியைப் பிரித்ததும் கருவி, கம்பனியின் கணக்கொன்றைக் கேட்கிறது. நண்பர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டு, நேரே கடைவாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே வாங்குவது நூலன்று, வாசிக்கும் அனுமதிச் சீட்டு மாத்திரமே என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரு நாவல்களை, விலை கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளுக்குள்ளேயே புகுந்து அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லையாம். பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்களாம். இருக்கட்டும். நம் வீட்டு அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேசையில் காசை வைத்துவிட்டுப் போகிறவனை இந்த ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? பாடத்துக்காக அந்நூலைப் படித்துவந்த மாணவன் ஒருவனின் குறிப்புகளும் அதனோடு பாழாயின. அழிந்த நூல்களுள் ஒன்று, ஆவணங்களை அழித்துத் திருத்தும் ஆட்சியைப் பற்றிய '1984' என்பதுதான் வேடிக்கை! 2025 பெப்ரவரியிலோ, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் அதே நிறுவனம் அடைத்துவிட்டது.

அந்தக் கடையில் தமிழும் உண்டு, 2016 இறுதியிலிருந்து. ஆனால் மருதூர்க்கொத்தனின் கதைகளையோ நீலாவணனின் கவிதைகளையோ தேடி எந்த வியாபாரியும் கல்முனைக் கரைக்கு வரப்போவதில்லை. இலாபம் இல்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை?

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்பிரதியாக்கி இலவசமாக வழங்கிவருகிறது. பெருந்தொண்டு அது. எனினும் அவற்றுள் மிகப் பல, பக்கங்களின் படங்கள். ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடுகிறது. பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. தட்டச்சுச் செய்து ஈபப் வடிவில் அமைத்த நூலே திரைக்கேற்ப மடங்கி வரும். மதுரைத் திட்டம் 1998 முதல் தொண்டர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சேற்றி வருகிறது. அதற்கு எந்த முதலாளியின் மூலதனம் தேவைப்பட்டது?

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2004 டிசம்பர் 26இல் இக்கரையின் வீடுகளைக் கடல் வாரிச் சென்றபோது, அவற்றிலிருந்த புத்தகங்களும் போயின. எஞ்சியிருப்பதையாவது எழுத்தாக மாற்றிப் பல கருவிகளில் பரப்பிவைக்க வேண்டாமா? ஆசிரியரே, மாணவரே! எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ இசைவு பெறுங்கள். முப்பது மாணவர் ஆளுக்கு ஐந்து பக்கம் தட்டச்சுச் செய்தால் நூற்றைம்பது பக்க நூலொன்று உருவாகிவிடும். மெய்ப்புப் பார்க்கத் தமிழாசிரியர் இருக்கிறோம். ஒரு தவணை விடுமுறைக்குள் அடங்கும் வேலை. எந்த நூலை முதலில் எடுப்பது என்பதில்தான் நமக்குள் சண்டை வரும்.